நரி கவ்விய பெட்டைக்கோழியைத் தேற்றுவது எப்படி?

மேட்டுக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டியிருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் வளர்கிற சிறுவிடைப் பெட்டைக்கோழி ஒன்றை நேற்று அந்தி நேரத்தில் நரி கவ்விவிட்டது. மற்ற கோழிகள் கூண்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சோளத்தட்டுப் போரின் மறைவிலிருந்து பாய்ந்து, இதன் முதுகைப் பற்றி வரப்பு வரைக்கும் இழுத்துச் சென்றது. எங்கள் நாய் துரத்தவே, வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடைப் பக்கம் ஓடி மறைந்தது.

முதுகிலும் வாலடியிலும் இறகுகள் கொத்துக்கொத்தாகப் பிய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிகிறது. இரத்தம் தானாகவே நின்றுவிட்டது. இடது இறக்கை சற்றுத் தொங்குகிறது. எழுந்து நிற்கிறது, ஆனால் நடக்க மனமில்லாமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்களை மூடி ஒடுங்கி இருக்கிறது. இன்று காலையில் இரண்டு வாய் தண்ணீர் குடித்ததைத் தவிர எதையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கால்நடை மருந்தகத்துக்கு நாளைக்குத்தான் கொண்டுபோக முடியும்.

என் தாயார் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, இது பிழைக்காது, இன்றைக்கே அறுத்துவிடுங்கள் என்கிறார். குஞ்சுப் பருவத்திலிருந்து என் மகள் கையில் வளர்ந்த கோழி என்பதால் அந்தப் பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. நாளை காலை வரைக்கும் நாங்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன, பிழைக்குமா என்பதை எந்த அறிகுறியை வைத்துத் தெரிந்துகொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கம்பங்கொல்லை எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். புண்ணைப் பற்றிய கவலையைவிட அதிர்ச்சியைப் பற்றிய கவலைதான் இப்போது பெரியது. நான் வளர்த்தவற்றில் நாயும் கீரியும் கடித்த கோழிகள் பல உண்டு. பெரிய புண்ணோடு பிழைத்தவையும் இருக்கின்றன, கீறல் மட்டுமே தெரிந்தும் மறுநாள் விடியலில் விறைத்துக் கிடந்தவையும் இருக்கின்றன.

ஓர் அட்டைப்பெட்டியிலோ பெரிய மூங்கில் கூடையிலோ பழைய பருத்திப் புடவையை மடித்து விரித்து, அதில் கோழியை வைத்து, காற்றுப் போக இடம் விட்டு மேலே துணியால் மூடுங்கள். வைக்கோலும் மரத்தூளும் இப்போது வேண்டாம், புண்ணில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் ஆள் நடமாட்டமில்லாத, நாயின் குரல் அருகில் கேட்காத அறையில் பெட்டி இருக்கட்டும். ஐப்பசி மழையில் மலையடிவாரத்து இரவு நன்றாகக் குளிரும் என்பதால், பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் துணியில் படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் கோழி தானே மறுமூலைக்கு நகர்ந்துகொள்ள இடமிருக்க வேண்டும். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை அணைத்துவிடுங்கள்.

தீனியை இன்று வற்புறுத்த வேண்டாம், தண்ணீர்தான் முக்கியம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, தட்டையான மண்சட்டியில் எட்டும் தூரத்தில் வையுங்கள். குடிக்கவில்லை என்றால் சொட்டுமருந்துக் குழாயால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே நாக்கால் இழுத்துக்கொள்ளும். வாயைப் பிளந்து ஊற்றிவிடாதீர்கள். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும்.

ஏரிக்கரை எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் இத்தனை பக்குவம் பார்ப்பதில்லை. நாயோ நரியோ கடித்தால் அடுப்புச் சாம்பலையோ காப்பித்தூளையோ அப்பிவிடுவார்கள், புண் காய்ந்துவிடும். புழு வராமல் இருக்க டர்பன்டைன் எண்ணெயை ஒரு துணியில் நனைத்து வைக்கலாம், அல்லது மாட்டுப் புண்ணுக்குத் தூவுகிற பூச்சிமருந்துத் தூளைத் தூவலாம். கடித்தது காட்டு விலங்கு என்பதால் ஒரு டி.டி. ஊசியும் போட்டுவிடுவது நல்லது. நரி மறுபடியும் கட்டாயம் வரும். ஓடைப் பக்கம் ஓர் அவுட்டுக்காய், அதாவது இரைக்குள் மறைத்த நாட்டுவெடி வைத்தால் அந்தத் தொல்லையும் தீரும்.

பழைய மருந்தகம் எழுதியது:

நான் அரசுக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏரிக்கரை அன்பர் நல்லெண்ணத்துடன் எழுதியிருந்தாலும், அவர் சொன்னவற்றில் ஒன்றைக்கூட இந்தக் கோழிக்குச் செய்ய வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சாம்பலும் காப்பித்தூளும் புண்ணின் மேல் கெட்டியான ஓடாகப் படிந்துகொள்ளும், அதனடியில் நடப்பது நமக்குத் தெரியாமல் போகும். சுண்ணாம்பு காரம் மிகுந்தது. கோழியின் தோல் மாட்டுத் தோலைப்போல் தடித்ததல்ல, காகிதம் போன்றது, சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும். டர்பன்டைன் எண்ணெயின் ஆவியே பறவையின் நுரையீரலுக்கு ஆகாது. மாட்டுக்கென்று விற்கப்படும் புண்தூள்களில் சிலவற்றில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறது. பறவைகள் அந்த வகை நஞ்சைத் தாங்கமாட்டா, அத்துடன் கோழி தன் புண்ணைத் தானே கொத்தி அதை விழுங்கவும் செய்யும். டி.டி. ஊசி தேவையே இல்லை, ஏனென்றால் பறவைகளுக்கு டெட்டனஸ் எனப்படும் வில்வாத நோயை எதிர்க்கும் தன்மை இயற்கையாகவே மிக அதிகம். அவுட்டுக்காய் வைப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை முதலில் கடிக்கப்போவது பெரும்பாலும் உங்கள் நாயாகவோ பக்கத்துத் தோட்டத்து மாடாகவோதான் இருக்கும். வாழப்பாடிப் பக்கம் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து ஊர்வலம் விட்டவர்களுக்கு வனத்துறை அபராதம் போட்டதை உங்கள் மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். வெடி வைப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய குற்றம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கம்பங்கொல்லை அம்மையார் சொன்னபடி இருட்டும் கதகதப்பும் முதலில் வேண்டும், அவற்றில் மாற்றமில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 100 மில்லிதான் என்பதால், நமக்குச் சிறிதாகத் தெரியும் இரத்தப்போக்கும் அதற்குப் பெரியது. கண்மூடி ஒடுங்கியிருப்பதற்கு வலி மட்டுமல்லாமல் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கோழியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் அடிக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். அதன் இயல்பான உடல்வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கால்விரல்களும் கொண்டையும் சில்லிட்டு, கொண்டை வெளிறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மாலைக்குள் அது சற்றுத் தலைநிமிர்ந்தால் புண்ணைக் கழுவுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சால் புண்ணின் மீது பாய்ச்சிப் பாய்ச்சி அழுக்கையும் இறகுத் துணுக்குகளையும் வெளியேற்றுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், இழை ஒட்டும். புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்கோலால் கத்தரியுங்கள். பிடுங்கினால் இந்த மெல்லிய தோல் மேலும் கிழியும். பிறகு போவிடோன் அயோடின் கரைசலை இளந்தேநீரின் நிறம் வரும் வரைக்கும் நீர்த்து ஒருமுறை விட்டு, அப்படியே காற்றில் உலரவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், வளரத் தொடங்கும் புதுச் சதையையும் அது அரித்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும், மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். உரிந்து தெரிகிற அந்தப் புண் உங்களைப் பயமுறுத்துகிறது, ஆனால் கோழியைக் கொல்லக்கூடியது அதுவல்ல. நரியின் கோரைப்பல் இறங்கிய துளை இறகுக்கு அடியில், மிளகளவுதான் இருக்கும். பெரும்பாலும் விலாவிலோ இறக்கைக்கு அடியிலோ தொடையின் உட்பக்கத்திலோ ஒளிந்திருக்கும். ஊனுண்ணிகளின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற நுண்ணுயிரிகள் அந்தத் துளை வழியே ஆழத்தில் இறங்கிவிடுகின்றன, வெளியே தோல் மூடிக்கொள்கிறது, உள்ளே ஓரிரு நாளில் நோய் முற்றிவிடுகிறது. ஆகையால் ஒருவர் கோழியை மடியில் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் இறகை எதிர்த்திசையில் ஊதி ஊதி உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். துளை கண்ணில் பட்டால் உப்புத் தண்ணீரை மட்டும் விடுங்கள். களிம்பை வைத்து அடைக்கவோ, ஒட்டுப்போடவோ, தைக்கவோ கூடாது, அது வடிந்து ஆற வேண்டிய புண். பிடிக்கும்போது மார்பை அழுத்தாதீர்கள். கோழிக்கு நமக்கிருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். சந்தையில் செய்வதைப்போல் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் இந்த நிலையில் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய கடிக்கு நுண்ணுயிர்க்கொல்லி அநேகமாகக் கட்டாயம் தேவைப்படும். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதால், கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தி வருமா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கடைசியாக, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெறிநோய் பாலூட்டிகளின் நோய், கோழியிடமிருந்து உங்களுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நரிக்கு அந்த நோய் இருக்கக்கூடும், அதன் எச்சில் நேற்று அந்த இறகுகளில் ஈரமாக இருந்தது. கோழியைத் தூக்கியவர்களின் கையில் வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருந்தால் 15 நிமிடங்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விவரத்தைச் சொல்லுங்கள். நரியைத் துரத்திய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அறுத்துச் சாப்பிடச் சொன்னவரிடமும் இதே காரணத்தைச் சொல்லுங்கள், மறுபடி கேட்கமாட்டார்.

ஏரிக்கரை எழுதியது:

டாக்டர் ஐயா சொன்னால் சரி. புழு வைத்துவிட்டால் மட்டும் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள், மழைக்காலத்தில் எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

பழைய மருந்தகம் எழுதியது:

நல்ல கேள்வி. ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வெளிவந்துவிடும் என்பதால், காலையும் மாலையும் புண்ணின் விளிம்பையும் ஆசனவாய்ப் பகுதியையும் பார்க்க வேண்டும். ரவையைக் குவித்ததுபோல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் முட்டை. பெட்டிக்கு மேல் கொசுவலை போட்டு ஈயை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதே முதல் மருந்து. புழு வந்துவிட்டால் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், குறுக்குவழி கிடையாது.

மூலிகை வேண்டும் என்பவர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாட்டுப் புண்களுக்குப் பரிந்துரைக்கும் எண்ணெய் ஒன்று உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகளைப் பூண்டு, மஞ்சளுடன் அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைப்பது. புண் உலரத் தொடங்கிய பிறகு அதை விளிம்பில் மட்டும் மெல்லத் தடவலாம், ஈ அண்டாது. ஆனால் சுற்றியுள்ள இறகில் எண்ணெய் பரவினால் அந்த இறகு உடல்வெப்பத்தைக் காக்காது, குளிர்காலத்தில் அது வேறொரு தொல்லையாக முடியும். பல் இறங்கிய துளைக்குள் எந்த எண்ணெயும் போகக்கூடாது.

மேட்டுக்காடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே இறகை ஊதிப் பார்த்தபோது வலது இறக்கைக்கு அடியில் இரண்டு துளைகளும், தொடையில் ஒன்றும் இருந்தன. முதல் நாள் அவை எங்கள் கண்ணுக்கே படவில்லை. மருந்தகத்தில் ஊசி போட்டு, தொடர்ந்து வாயில் கொடுக்கச் சொட்டுமருந்தும் தந்தார்கள். இறக்கை எலும்பு முறியவில்லை, தசைதான் பிசகியிருக்கிறது என்றார் மருத்துவர்; வலைப்பட்டையால் இறக்கையை மட்டும் மடக்கிக் கட்டியிருக்கிறார்.

நேற்றிலிருந்து கண்ணைத் திறந்து பார்க்கிறது, மகளின் குரல் கேட்டால் கொக்கரிக்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் எங்களைக் கலங்கவைக்கின்றன. தொடையைச் சுற்றித் தோல் பச்சை நிறமாக மாறிவிட்டது, அழுகல் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. விலாப்பக்கத்துத் தோல் சற்று உப்பி, தொட்டால் நொறுநொறுவென்று காற்று நகர்வதுபோல் இருக்கிறது. எச்சமும் பச்சைத் தண்ணீராகப் போகிறது.

பழைய மருந்தகம் எழுதியது:

பச்சை நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா. நமக்கு அடிபட்டால் கன்றிப்போன இடம் முதலில் நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். பறவைகளின் உடலில் பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி இல்லாததால், உறைந்த இரத்தம் சிதையும்போது பச்சையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் தோன்றி, ஒரு வாரம் பத்து நாளில் மங்கிவிடும். அழுகலாக இருந்தால் கருத்து, சில்லிட்டு, நாற்றம் வரும். மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள், அதைவிட நம்பகமான சோதனை இல்லை. எச்சம் பச்சையாகப் போவது பெரும்பாலும் தீனி உள்ளே போகாமல் பித்தநீர் மட்டும் வெளியேறுவதால்தான். தீனி எடுக்கத் தொடங்கினால் மாறும், மாறாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காற்று உப்பல் சற்றுக் கவனிக்க வேண்டிய விஷயம். பறவைகளுக்கு நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உடலெங்கும் பரவியிருக்கின்றன. பல் இறங்கிய இடத்தில் அவற்றில் ஒன்று துளைபட்டு, காற்று தோலுக்கடியில் கசிகிறது. மூச்சு சீராக இருந்து, உப்பல் கூடாமல் இருந்தால் தானாகவே அடைபட்டுவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினாலோ, உப்பல் கழுத்து வரைக்கும் ஏறினாலோ அன்றே கொண்டுசெல்லுங்கள். நீங்களாக ஊசியால் குத்திக் காற்றை எடுக்க முயல வேண்டாம்.

துளை ஆறிய இடத்தில் பின்னால் கெட்டியான கட்டி தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். கோழியின் சீழ் நம்முடையதைப்போல் நீராக வடியாது, பாலாடைக்கட்டியைப்போல் இறுகி உள்ளேயே தங்கிவிடும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், மருந்து மட்டும் கரைக்காது.

பிழைக்குமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் நாளைத் தாண்டி, தானாகத் தண்ணீர் குடித்து, குரலுக்குப் பதில் கொடுக்கிற கோழிக்கு நான் நல்ல வாய்ப்பு உண்டு என்றே சொல்வேன். முதுகில் உரிந்த இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விளிம்பிலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடிவிடும். காய்ந்த பொருக்கைப் பெயர்க்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. ஒருவேளை மருந்து தொடங்கிய பிறகும் கால்கள் செயலிழந்தோ, நாற்றம் எழுந்தோ, வாய்வைத்து எதையும் தொடாமலோ நாட்கள் போனால், வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. உங்கள் கோழி அந்த நிலையில் இல்லை.

கம்பங்கொல்லை எழுதியது:

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இனி தீனியைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைக் குழையவைத்த சோற்றோடு பிசைந்து, கொண்டைக்கடலை அளவு உருண்டைகளாக வையுங்கள். மகள் கையால் காட்டினால் விரைவில் கொத்தும். பிறகு ஊறவைத்த கம்பு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, கிடைத்தால் கரையான். கரையானைக் கண்டும் ஒரு கோழி தலை திருப்பினால் அது இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். இரவில் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். விடியற்காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ, களிம்பாகவோ இருந்தால் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்ற கோழிகளோடு சேர்ப்பதில் அவசரம் காட்டாதீர்கள். சிவந்த சதையைக் கண்டால் கூடப் பிறந்ததும் கொத்தும். அதற்காக முழுவதுமாகப் பிரித்து வைத்தால் கூட்டம் இதை மறந்து, திரும்பி வரும்போது புதுக்கோழியாக நினைத்து அடிக்கும். ஆகவே கொஞ்சம் தேறியதும் பகலில் கம்பிவலைத் தடுப்புக்கு இந்தப்பக்கம் இதையும் அந்தப்பக்கம் அவற்றையும் ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள். தோல் முழுவதும் மூடிய பிறகும் முளைக்கிற புது இறகின் தண்டில் இரத்தம் ஓடும், கொத்துப்பட்டால் ஒழுகும். அது விரியும் வரைக்கும் பொறுக்க வேண்டும். வேரோடு பிய்ந்த இறகு ஒன்றரை இரண்டு மாதத்தில் வந்துவிடும். நீங்கள் கத்தரித்த இறகு மட்டும் அடுத்த இறகுதிர்ப்பு வரைக்கும் அப்படியே நிற்கும். சேவலை எல்லாவற்றுக்கும் கடைசியாக விடுங்கள், அது மிதித்தால் முதுகுப் புண் மறுபடி திறந்துவிடும்.

முட்டை சில வாரங்களுக்கு வராது. வரத் தொடங்கும்போது கெட்டி ஓடில்லாத தோல்முட்டை ஒன்றிரண்டு விழலாம், கிளிஞ்சல் தூளை ஒரு சட்டியில் வைத்தால் சரியாகும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாட்கள் வரைக்கும் அந்த முட்டையை யாரும் சாப்பிடக்கூடாது.

நரி இடத்தைத் தெரிந்துகொண்டது, திரும்பி வரும். சூரியன் இறங்குவதற்கு முன்பே கூண்டை அடையுங்கள். சாதாரணக் கோழிவலையை அது பல்லால் கிழிக்கும், கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டுமெஷ் வலை போடுங்கள். அடியில் ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, வெளிப்பக்கம் மடக்கிவிட்டால் பறிக்க முடியாது. சோளத்தட்டுப் போரைக் கூண்டிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

மேட்டுக்காடு எழுதியது:

நன்றி அம்மா, நன்றி ஐயா. நாற்றம் எதுவும் இல்லை, வால் அசையாமல்தான் மூச்சு விடுகிறது. இன்று காலையில் மஞ்சள்கரு உருண்டைகளை எல்லாம் தின்றுவிட்டு, சொட்டுமருந்து கொடுக்கப் போன என் விரலையும் கொத்தியது. போரை இடம் மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். வெல்டுமெஷ் எந்தக் கண்ணளவில் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பங்கொல்லை எழுதியது:

ஒரு அங்குலக் கண் நரிக்குப் போதும். உங்கள் பக்கம் கீரியும் பாம்பும் உண்டென்றால், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் அரை அங்குலக் கண் வாங்கி உட்பக்கம் அடித்துவிடுங்கள்.